மூணு நாள் நீலம்

ஏனுங் தம்பி, இது காங்கேயம் போற வண்டிதானுங்களே? ஏறும்போதே கேட்டிருக்கணும். போர்டை எழுதுனவன் என்ன மசியில எழுதுனானோ, ஒரு எழுத்து தெரியறதில்லை. சாணியைக் கரைச்சு அப்பி வெச்ச மாதிரி இருக்குது. இதுக்கும் ஒரு ஆளு, அவனுக்கும் ஒரு சம்பளம். காங்கேயந்தானே? அப்பச் சரி. கொஞ்சம் அந்தாண்டை நகருங்க.

அதென்னுங்க கையில? மோதிரமா? இப்பிடிக் கொண்டாங்க. கழட்ட வேண்டாம், கழட்ட வேண்டாம், கையோடயே காட்டுங்க. வெள்ளி. மேல என்னுங்க இது குண்டும் குழியுமா? சுத்தியல் தடம்! நான் தொழில் பழகறப்போ ஒரே ஒரு தடம் தெரிஞ்சாப் போதும், எங்கய்யன் ஊதுகுழலை எடுத்து முதுகுல ஒண்ணு வெப்பாரு. தடம் மறையறவரைக்கும் அரத்தைப் போட்டுத் தேயின்னு உக்கார வெச்சிருவாரு. இன்னைக்குத் தடம் இருந்தாத்தான் கை வேலையாமா. வழவழன்னு செஞ்சு குடுத்தா மெசினு மோதிரமான்னு கேக்கறாங்க. வேணும்னே கொத்தி வெச்சு, அந்தக் கொத்துனதுக்கும் சேத்து வெலை சொல்றாங்க. வாங்கறதுக்கு நீங்களும் இருக்கறீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க.

ஆனா கல்லு... பொறுங்க. பெருவிரல்ல தடவிப் பாத்துச் சொல்லிருவேன் நான், கண்ணே வேண்டாம். கல்லைப் புடிச்சிருக்கற நகம் நாலும் ஒரே உசரம். சட்டையில மாட்டாது, தலைமுடியில சிக்காது. கல்லு ஒரு பக்கமும் சாயலை. பதிச்ச கை நல்ல கைதான். எங்க வாங்குனீங்க? போன்ல பாத்தா? கோயமுத்தூருன்னு போட்டிருந்துதா? தடாகம் ரோடு?

அப்ப பெட்டிக்குள்ள சின்னதா ஒரு அட்டை இருந்திருக்கும். 'கல் பதித்தவர்'னு எழுதிக் கீழ ஒரு பேரு போட்டிருக்கும். ஞாபகம் இல்லீங்களா? நான் சொல்றேன். வசந்தாமணி. ஆங், அதேதான்.

அது என்ற ஊட்டுக்காரிங்க.

சந்தோசமா? ஏனுங்க, இதுல சந்தோசப்பட என்ன இருக்குது? காங்கேயம் போய்ச் சேர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்குது. கேளுங்க, கேட்டுப்போட்டு அப்பறம் சொல்லுங்க, இது சந்தோசப்படற சமாச்சாரமா என்னன்னு.

என்ற பேரு அவிநாசியப்பன். பெரிய கடை வீதியில இருந்து உள்ள திரும்புனா மூணாவது சந்துல பட்டறை. ராசிக்கல் மோதிரம்னா கோயமுத்தூருல நாலு பேரைச் சொல்லுவாங்க, அதுல என்ற பேரும் ஒண்ணு. ஒண்ணென்ன, மொதப் பேரே அதுதான். கல்லுக்கு அடியில ஓட்டை விட்டு, கல்லு தோல்ல படற மாதிரி பதிக்கணும். அப்பத்தான் கெரகம் வேலை செய்யும்னு வர்றவங்க நம்பறாங்க. நான் நம்பறனான்னு கேக்கறீங்களா? டாக்டரு மாத்திரை எழுதறாரு, அவரா திங்கறாரு? எனக்கு வெள்ளி தெரியும், கல்லு தெரியும். கெரகம் அவங்கவங்க பாடு.

அதுலயும் இந்த நீலம் இருக்குது பாருங்க, அதுக்குத்தான் அத்தனை பயம். சனீஸ்வரன் கல்லு. ஒத்துக்கிட்டா ஆளைத் தூக்கி விட்டுருமாம், ஒத்துக்கலைன்னா கவுத்துப்போடுமாம். அதனால நீலத்தை மட்டும் எடுத்த உடனே பதிக்க மாட்டோம். நீலத் துணியில முடிஞ்சு குடுத்துருவோம். வாங்கறவங்க மூணு நாள் தலகாணிக்கு அடியில வெச்சுப் படுத்துப் பாக்கணும். நல்லது நடந்தாலும் ஒண்ணும் நடக்கலைன்னாலும் வந்து பதிச்சுக்கலாம். கெட்டது நடந்தா கல்லைத் திருப்பிக் குடுத்துறலாம். எங்க தொழில்ல இதுதான் வழக்கம்.

இந்த மூணு நாள்ல மனுசங்க படுத்தற பாட்டைப் பாக்கணுமே! பொள்ளாச்சியில இருந்து ஒரு அரிசிக் கடைக்காரரு. ரெண்டாம் நாளே கல்லைக் கொண்டாந்து டொக்குனு வெச்சாரு. ஏனுங்கன்னா, வண்டி பஞ்சராயிருச்சாமா. முள்ளு மேல ஓட்டிப்போட்டு நீலத்து மேல பழி. இன்னொருத்தரு காலேஜுல பாடம் நடத்தறவரு. மூணாம் நாள் மாமியா பெட்டியோட வந்து எறங்கிட்டாங்களாமா. அந்தம்மா ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ரயிலுக்கு டிக்கெட் எடுத்தப்போ இந்தக் கல்லு என்ற பெட்டிக்குள்ள தூங்கிட்டுக் கெடந்துது. இன்னொரு ஆளுக்குக் கனவுல எருமை வந்துதாமா. நாலு பரோட்டாவைத் தின்னுபோட்டுப் படுத்தா எருமை வராம மயிலா வரும்? படிச்சவன் படிக்காதவன்னு வித்தியாசமே இல்லீங்க. தன்ற ஊட்டுல என்ன நடந்தாலும், அதுக்கு ஏதாச்சும் ஒரு கல்லு கெடைக்காதான்னு பாக்கறாங்க. எனக்கு வாற சிரிப்பை அடக்கிட்டு, ஆமாங்க, இது உங்களுக்கு ஆகாதுங்கன்னு சொல்லி வாங்கி வெச்சுக்குவேன்.

அப்பிடித்தான் ஒருநாள் ஒரு தரகன் ஒரு நீலத்தைக் கொண்டாந்தான். தம்பி, முப்பத்தெட்டு வருசம் கல்லைப் பாத்தவன் நான். அந்த மாதிரி ஒரு கல்லு பாத்ததில்லை. லென்சை வெச்சுப் பாக்கறேன், உள்ளார ஒரு தூசி இல்லை, ஒரு கீறல் இல்லை. பளிச்சுனு ஒரே நீலம். வாங்கிட்டேன். வசந்தாமணியைக் கூப்புட்டு, பாரு புள்ளே, கல்லுன்னா இது கல்லுன்னேன். அவளும் லென்சை வெச்சுப் பாத்தா. பாத்துட்டு, "ரொம்பச் சுத்தமா இருக்குதுங்களே"ன்னா. சுத்தமா இருந்தா நல்லதுதானே? உனக்கென்ன தெரியும், போயி வேலையைப் பாருன்னேன். போயிட்டா. அவ பழக்கம் அப்பிடி. ஒரு தடவை சொல்லுவா, ரெண்டாந்தடவை சொல்ல மாட்டா.

அந்தக் கல்லை சூலூரு வாத்தியாரு ஒருத்தரு கேட்டாரு. ரிட்டையரானவரு, ஏழரைச் சனி நடக்குது. மூணு நாளைக்குக் குடுத்து விட்டேன். ரெண்டே நாள். கெணத்து மோட்டாரு எரிஞ்சு போச்சுங்கன்னு கொண்டாந்துட்டாரு. மோட்டாருக்கு வயசென்னங்கன்னேன். பதினெட்டு வருசமாம்! எனக்குக் கோவம் வந்துருச்சு. இத்தனை நல்ல கல்லைப் பழி சொல்றீங்களே, இந்தக் கல்லுல ஒரு மண்ணும் கெடையாது, நானே மூணு நாள் வெச்சுப் படுக்கறேன், எனக்கு என்ன ஆகுதுன்னு வந்து பாருங்கன்னு அவரு மூஞ்சிக்கு நேரா சொல்லிப்போட்டேன். சொன்ன மாதிரியே தலகாணிக்கு அடியில வெச்சேன்.

மொத நாள் ஒண்ணுமில்லை. இட்லி தின்னேன், பட்டறைக்குப் போனேன், வந்தேன்.

ரெண்டாம் நாள்தான் அந்த அம்மணி வந்து சேந்துது. உங்க மோதிரக் கடைக்காரி. மிருதுளாவாம். பெங்களூருல கம்ப்யூட்டர் கம்பெனியில இருந்துதாமா, அது சலிச்சுப் போச்சாமா. ஜெய்ப்பூருக்குப் போயி மூணு மாசம், எண்ணி மூணே மாசம், நகை வேலை கத்துக்கிட்டு வந்துருச்சாமா. நான் ஊதுகுழல் புடிச்சு மூச்சைச் சீரா விடறதுக்கே ஒரு வருசம் ஆச்சு. தடாகம் ரோட்டுல மாடியில ஒரு எடத்தைப் புடிச்சு ஸ்டூடியோன்னு பேரு வெச்சிருக்குது. போட்டோ எடுக்கற எடத்துக்குத்தானுங்க ஸ்டூடியோ? அதுவும் சரிதான், அங்க வேலையை விட போட்டோதான் சாஸ்தி. விரலைச் சுட்டுக்கிட்டா அதையும் போட்டோ எடுத்துப் போடுது. நாங்க சுட்டுக்கிட்டதையெல்லாம் போட்டோ எடுத்திருந்தா ஊடு நெறைய மாட்டியிருக்கலாம். ஒவ்வொரு மோதிரத்துக்கும் ஒரு கதை இருக்குதாம். விரல்ல போட்டா மோதிரம், போடலைன்னா வெள்ளி. அதுக்கென்னுங்க கதை?

வந்து நின்னு, கைப்பையில இருந்து ஒரு மோதிரத்தை எடுத்துது. எங்க பட்டறை மோதிரம். "சார், இந்தக் கல்லு பதிச்சது யாருங்க?"ன்னு கேட்டுது.

"வெளிய போர்டைப் படிக்கலியா அம்மணி?"ன்னேன்.

"இல்லீங்க சார், நானும் நூறு தடவை பண்ணிப் பாத்துட்டேன், எனக்கு இப்படி வரல. ஒண்ணே ஒண்ணு என் முன்னாடி பதிச்சுக் காட்டறீங்களா? சும்மா பாத்துட்டுப் போயிடறேன்."

இன்னைக்கு ராகு காலம்னேன். ராகு காலம் ஒன்றரை மணி நேரந்தானே, வெயிட் பண்றேன்னுது. இன்னைக்கு நாளே சரியில்லைன்னேன். ஏனுங்க, என்னமோ வித்தை காட்டறவன்கிட்டக் கேக்கற மாதிரி கேட்டா? நான் பதிக்கறதை எவளோ ஒருத்தி நின்னு பரீட்சை பண்ணவா?

அப்பத்தான் அது என்னைத் தாண்டி உள்ள எட்டிப் பாத்துது. உள்ளார வசந்தாமணி பலகை மேல உக்காந்திருந்தா. கையில அரக்குக் கட்டை. கல்லு பதிக்கறப்போ மோதிரம் அசையாம இருக்கறதுக்கு அரக்குல புடிச்சு வெச்சுக்குவோம். இன்னொரு கையில எழுத்தாணி மாதிரி ஒரு கம்பி, அதை வெச்சு நகத்தைக் கல்லு மேல சாய்ச்சுக்கிட்டு இருந்தா.

"சார், அந்த அம்மா என்ன பண்றாங்க?"

"அவளா? அவ சும்மா கல் தொடைக்கறவ"ன்னு சொன்னேன்.

நான் சொன்னது தப்புங்களா? நீங்களே சொல்லுங்க. ஊட்டுக்கு ஊடு பொம்பளைங்க கூடமாட ஒத்தாசை பண்றதில்லையா? கலியாணம் ஆகி வந்தப்போ அவளுக்குப் பவழத்துக்கும் மிளகாப்பழத்துக்கும் வித்தியாசம் தெரியாது. மொதல்ல கல்லைத் தொடைச்சுத்தான் குடுத்தா. அப்பறம் சின்னச் சின்னக் கல்லு பதிச்சா. இந்த ஒரு ஏழெட்டு வருசமா பெருசையும் அவகிட்டயே விட்டுட்டேன். பெருசு பூராவும்னே வெச்சுக்கோங்க. பட்டறையில வெளிச்சம் பத்தறதில்லை, எனக்குக் கல்லோட ஓரம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. நாலு தடவை லைட்டு மாத்திட்டேன். இப்ப வாற லைட்டெல்லாம் தரமில்லைங்க. கண்ணுல புரை, ஆப்பரேசன் பண்ணுங்கன்னு அவ மூணு வருசமாச் சொல்றா. என்ற கண்ணுல ஒண்ணுமில்லை. ஆனா நான் பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்லத்தான் அவ செய்வா. கை அவளுது, வேலை என்னுது. அதை அந்த அம்மணிகிட்ட விளக்கிட்டு இருக்க முடியுங்களா?

அந்த அம்மணி அவளைப் பாத்துது, என்னைப் பாத்துது, தன்ற கடை விலாசம் போட்ட ஒரு அட்டையை மேசை மேல வெச்சுட்டுப் போயிருச்சு.

வசந்தாமணி பண்ணுனது இருக்குது பாருங்க, அதைச் சொல்லணும். கையில இருந்ததைக் கீழ வெச்சா. ஒரு பழைய மல்லுத் துணியை எடுத்தா. கல்லைத் தொடைக்க ஆரம்பிச்சா. சாயங்காலம் வரைக்கும் பட்டறையில இருக்கற அத்தனை கல்லையும், பெட்டி பெட்டியா எடுத்து, ஒவ்வொண்ணாத் தொடைச்சு, நெறம் வாரியா அடுக்கி வெச்சா. மத்தியானம் சோத்துக்குக்கூட எந்திரிக்கலை. அடடா, இவளுக்கு என்ன இன்னைக்கு இத்தனை சுறுசுறுப்புன்னு நானும் மனசுக்குள்ள மெச்சிக்கிட்டேன்.

மூணாம் நாள் காலைல பட்டறைக்கு வந்தா. நிக்கறா, உக்காரலை. அவ கைக்குப் பழகுன, கல்லைப் புடிக்கற சாமணம், அந்தக் கம்பி, அவ லென்சு, மூணையும் துணியில சுத்தி எடுத்துக்கிட்டா. "ஏனுங்க, கல்லெல்லாம் தொடைச்சு வெச்சுட்டேனுங்க. இனி எனக்கு இங்க வேலையில்லைங்க. தடாகம் ரோட்டுக்குப் போயிட்டு வாறேன்"னா. போயிட்டா.

எனக்கு ஒண்ணும் ஓடலை. சண்டை போட்டாளா? இல்லை. அழுதாளா? அதுவுமில்லை. முந்தின நாள் பூரா நல்லாத்தானே இருந்தா? காரணமே இல்லாம ஒரு பொம்பளை எந்திரிச்சுப் போவாளா? நேரா ஊட்டுக்கு ஓடுனேன். தலகாணியைத் தூக்கிப் பாத்தேன். நீலத் துணி, அதுக்குள்ள கல்லு. மூணாம் நாள். அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. கல்லு தன்ற வேலையைக் காட்டிருச்சு!

ஏனுங் தம்பி, சிரிக்கற மாதிரி தெரியுது? பஞ்சரானதும் மாமியா வந்ததும் வேறைங்க. அவங்க சாதாரண ஆளுங்க. நான் முப்பத்தெட்டு வருசம் கல்லோட இருக்கறவன். எனக்கு நடந்துது பாருங்க, அதுதான் நெசமா நடந்தது.

ஊட்டை விட்டுப் போயிட்டாளான்னு கேக்கறீங்க. அப்பிடிப் போயிருந்தாக்கூடப் பரவால்லை, ஊருக்கு ஒரு பதில் சொல்லலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு டாண்ணு வந்துடறா. வாற வழியில கருவேப்பிலை வாங்கிட்டு வாறா. ரசம் வெக்கறா. "சாப்புட வாங்க"ங்கறா. எல்லாம் எப்பவும் போலத்தான். பட்டறையைப் பத்தி மட்டும் வாயைத் தொறக்கறதில்லை. நானும் கேக்கறதில்லை. எங்களுக்குள்ள இப்ப ரசந்தான் பேசிக்குது.

பட்டறை என்ன ஆச்சா? ஆகறதுக்கு என்ன? நானே பதிச்சேன். ஒரு வக்கீலம்மாவோட மரகதம். ஒரு மூலை தெறிச்சுப் போச்சு. மரகதம் அப்பிடித்தானுங்க, மொறைச்சுப் பாத்தாலே ஒடையும். அதுக்கு அந்தம்மா போட்ட கூச்சல்! அப்பறம் ஒரு புஷ்பராகம், கொஞ்சம் சாஞ்ச மாதிரி இருக்குதாமா. விரலை நேரா வெச்சாக் கல்லும் நேரா இருக்கும். முத்து வெச்ச மோதிரத்தை ஒருத்தி திருப்பிக் கொண்டாந்து, "அண்ணா, உங்க கை வேலை இது இல்லீங்களே, ஆளு வெச்சுட்டீங்களா?"ன்னு கேக்கறா. என்ற கையில நான் செஞ்சதைப் பாத்து என்ற வேலை இல்லைங்கறா! இந்த ஊரு சனங்களுக்கு வேலையும் தெரியாது, கையும் தெரியாது.

தனியா உக்காந்தா ஒரு மாதிரியாத்தான் இருக்குதுங்க, பொய் சொல்லக்கூடாது. இருபத்தாறு வருசம் அந்த மூலையில அரக்கு வாசம் வந்துட்டே இருக்கும். இப்ப மூலை சும்மா கெடக்குது. அடிக்கடி திரும்பி, ஏ புள்ளே, அந்தச் சாமணத்தை எடுன்னு சொல்லிப்போடறேன்.

அப்பத்தான் ஒரு யோசனை வந்துது. இந்தக் கல்லுதானே இத்தனையும் பண்ணுச்சு? இதைக் கொண்டுபோயி அந்த ஸ்டூடியோவுல மூணு நாள் போட்டு வெச்சா? அந்த அம்மணிக்கும் மூணு நாள்ல கவுந்து போகட்டும். கடையைச் சாத்திட்டுப் பெங்களூருக்கே போகட்டும். வசந்தாமணி பலகைக்கு வரட்டும். என்னுங்க, தப்பா? என்ற ஊட்டைக் கலைச்சது அந்த அம்மணி, நான் அதோட கடையைக் கலைக்கக்கூடாதா?

போனேன். மாடி ஏறுனா, செவுத்துல பெருசா எழுதி மாட்டியிருக்குது, குறைதான் அழகுன்னு. வேலை தெரியாதவங்க மாட்ட வேண்டிய போர்டுதான். வாறவங்களுக்கு டீ வேற குடுக்கறாங்க. வசந்தாமணி சன்னலோரமா நாற்காலியில உக்காந்திருந்தா. நாற்காலியில, முதுகுக்கு ஒரு மெத்தை வெச்சு. பக்கத்துல ரெண்டு காலேஜுப் புள்ளைங்க நின்னு அவ கையையே பாத்துட்டு இருக்குதுங்க. மேசை மேல அந்த அட்டைங்க ஒரு கத்தை. ஒண்ணைக் கையில எடுத்துத் தள்ளிப் புடிச்சுப் படிச்சேன். அவ பேரு. எங்க கலியாணப் பத்திரிகைக்கு அப்பறம் அந்தப் பேரை அச்சுல நான் பாத்ததில்லை.

நான் காட்டிக்கலை. அந்த அம்மணிகிட்ட, "சூலூரு வாத்தியாருக்கு மோதிரம். நீலம் பதிக்கணும். ஒண்ணும் அவசரமில்லை, ஒரு மூணு நாள் இங்கயே இருக்கட்டும்"னேன்.

மூணு நாள்னதும் வசந்தாமணி தலையைத் தூக்கி என்னைப் பாத்தா. எந்திரிச்சு வந்தா. நீலத் துணியை அவுத்தா. லென்சைக் கண்ணுல வெச்சு ஒரே ஒரு பார்வை, அவ்வளவுதான்.

"இது கண்ணாடிங்க"ன்னா.

எப்பிடி இருக்கும் எனக்கு! அந்த அம்மணியும் வாங்கிப் பாத்துது. "ஆமாங்க சார், உள்ள குமிழி இருக்கு. குண்டு குண்டா, காத்துக் குமிழி. நிஜக் கல்லுன்னா நூலு மாதிரி, எறகு மாதிரி ஏதாவது ஒரு குறை இருக்கும். இதுல குமிழி மட்டுந்தான் இருக்கு"ன்னுது. மூணு மாசம் படிச்சது எனக்குக் கல்லுப் பாடம் எடுக்குது. காலேஜுப் புள்ளைங்க எட்டி எட்டிப் பாக்குதுங்க. நானும் லென்சை வாங்கி வெச்சுப் பாத்தேன். ஒரு குமிழியும் இல்லை. நீலமா, பளிச்சுனு, சுத்தமா இருக்குது.

"கண்ணாடின்னா வாங்குன அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"ன்னு அவகிட்டக் கேட்டேன்.

"ரொம்பச் சுத்தமா இருக்குதுன்னு சொன்னேனுங்களே. அதுக்கு மேல கல்லைத் தொடைக்கறவ சொன்னா நீங்க கேப்பீங்களா?"

எகத்தாளத்தைப் பாத்தீங்களா? இருபத்தாறு வருசத்துல என்னை அப்பிடி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்பறம் கல்லைத் துணியில முடிஞ்சு என்ற கையில வெச்சு, மெதுவா, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி, "வெள்ளிக்கிழமை லீவு போடறேனுங்க. கண்ணாஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துரலாம்"னா. லீவு போடறாளாமா, லீவு! என்னமோ கலெக்டரு ஆபீசுல உக்காந்திருக்கற மாதிரி.

நான் விட்டுருவனா? ராஜ வீதியில ஒருத்தன்கிட்டக் காட்டுனேன். பாத்த உடனே சிரிச்சுப்போட்டான், "அண்ணா, இதைப் போயி நீங்களா?"ன்னு. அவன் வசந்தாமணிக்கு ஒண்ணுவிட்ட சித்தப்பன் மகன். அவ பேச்சைத்தான் பேசுவான். இன்னொரு எடத்துல மெசினுல வெச்சுப் பாத்து ஒரு தாளு அடிச்சுக் குடுத்தாங்க, அதுலயும் கண்ணாடின்னுதான் போட்டிருக்குதாமா. மெசினு எப்பப் பொறந்துது, நீலம் எப்பப் பொறந்துது? அதான் இன்னைக்குக் காங்கேயம். அங்க ஒருத்தரு இருக்கறாரு, கல்லுலயே பொறந்து கல்லுலயே வளந்தவரு. அவரு நீலம்னா நீலம்.

அவரு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும், நேரா தடாகம் ரோட்டுக்குப் போயிருவேன். பாரு புள்ளே, இது நெச நீலந்தான், இது பண்ணுன வேலைதான் எல்லாம், உன்ற மேலயும் குத்தமில்லை, என்ற மேலயும் குத்தமில்லை, கல்லைத் தூரப் போட்டாச்சு, எந்திரிச்சு வான்னு சொல்லிருவேன். அவளும் வந்துருவா. வராம?

அதுவே அவரும் கண்ணாடின்னு சொல்லிப்போட்டாருன்னா...

கண்ணாடின்னா, அவ எதுக்குங்க தம்பி போனா?

பல்லடம் வந்துருச்சா? உங்களுக்குத் தெரியும் பாருங்க, எனக்கு இந்தப் பஸ்சுக் கண்ணாடியெல்லாம் ஒரே புகை, தொடைக்கறதே இல்லை இவங்க. தம்பி, ஒரு ஒத்தாசை. உங்களுது எளங்கண்ணு. இந்தாங்க லென்சு. கண்ணுக்குப் பக்கத்துல வெச்சுக்கோணும், அப்பறம் கல்லைக் கொண்டாரணும். இப்பிடி. சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிக்கோங்க. உள்ளார ஏதாச்சும் தெரியுதா? குண்டா, சின்னதா, குமிழி கிமிழி?

வண்டி ஆடுதுங்க, அதனால அப்பிடித் தெரிஞ்சிருக்கும். ஸ்டாண்டுல நிக்கட்டும், அப்பப் பாருங்க.

நின்னுருச்சா?

இன்னொருக்காப் பாருங்க, தம்பி.